எட்டுக்குப் பத்தில் ஒரு முகம்

கேள்வி: என் மகள் நியூயார்க்கில் நடிப்பு படிக்கிறாள். அவளுடைய ரூம்மேட் கரீபியன் பக்கத்து டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். கறுப்பு நிறம், சுருட்டை முடி, வீட்டில் ஸ்பானிஷ். ஆடிஷனுக்குக் கொடுக்கும் முகப் படம், அதாவது ஹெட்ஷாட் எடுக்க ஒரு நாள் முழுக்க, மூன்று சட்டை, இரண்டு விதத் தலையலங்காரம் என்று அலைகிறாளாம். பார்க்க அழகா ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதாதா? அனுப்பினாலும் பிராட்வேயில் அவளுக்கு என்ன வேஷம் கொடுத்துவிடுவார்கள்?
— ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: ‘அழகா’ என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் காரியம் கெடுகிறது. ஆடிஷன் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கதவைத் திறந்துகொண்டு வரப்போவது யார் என்று தெரிந்தால் போதும். படத்தில் ஒருத்தி, நேரில் ஒருத்தி என்றால் வாயைத் திறந்து பாடுவதற்கு முன்பே எரிச்சல் வந்துவிடும். ஜாதகத்தோடு வந்த ஸ்டூடியோ போட்டோவை நம்பிப் பெண் பார்க்கப் போனவர்கள், காபி கொண்டுவந்தவளிடமே “பொண்ணு எப்பம்மா வரும்?” என்று கேட்ட கதைதான்.

அந்த ஸ்டூடியோக்காரர்கள் மேல் இந்தப் பக்கத்துக்குத் தீராத பகை உண்டு என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கேட்காமலே முகத்துக்கு இரண்டு கோட்டிங் வெள்ளையடித்து, மூக்கோரத்து மச்சத்தை அழித்துவிட்டு, “டச்-அப் ஃப்ரீ சார்” என்கிற கூட்டம். அவர்கள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குச் சொந்த நிறம் திரும்பிவிடும்.

பழி முழுவதும் அவர்களுடையது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிலிம் காலத்தில் அமெரிக்க லேப்களில் நிறம் சரிபார்க்க ‘ஷெர்லி கார்டு’ என்று ஒன்று இருந்தது. அதில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். அவள் சரியாக வந்தால் எல்லோரும் சரி. பழுப்பு நிறங்கள் ஒழுங்காக வரவில்லை என்று கோடாக்கிடம் காரமாகப் புகார் சொன்னவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மர பர்னிச்சர் கம்பெனிகளும். கறுப்பினத்துத் தாய்மார்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்துப் புலம்பியபோது கேட்காத காது, நாற்காலிக்குக் கேட்டது.

இன்றைய கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் அப்படியொன்றும் ஞானி இல்லை. எதிரே இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டி, தோலைச் சாம்பல் பூத்த மாதிரி வெளிறடிக்கும். பின்னால் வெள்ளைச் சுவரோ, உடம்பில் வெள்ளைச் சட்டையோ இருந்தால் நேர்மாறாக முகம் இருட்டில் மூழ்கிவிடும். தெரிந்த போட்டோகிராபர் லைட் மீட்டரை முகவாய்க்குக் கீழே, விளக்கைப் பார்க்கப் பிடித்து அளப்பார். அல்லது கிரே கார்டு என்கிற சாம்பல் அட்டையை முகத்தருகே பிடிக்கச் சொல்வார். கறுத்த தோலில் கன்னத்தையும் தாடையையும் செதுக்கிக் காட்டுவது தோலில் விழும் பளபளப்புதான். அதனால் மூன்று, நான்கு அடி சாஃப்ட்பாக்ஸை (வெளிச்சத்தை மென்மையாக்கத் துணி போர்த்திய விளக்குப் பெட்டி) நன்றாகக் கிட்டே கொண்டுவந்து, பக்கவாட்டில் 45 டிகிரியில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். பின்னாலிருந்து முடிக்குத் தனியாக ஒரு சின்ன விளக்கு. அது இல்லாமல் கறுப்புத் திரைக்கு முன்னால் நிறுத்தினால் சுருட்டை முடி திரையோடு போய்விடும். முகம் மட்டும் முகமூடி மாதிரி தொங்கும். லென்ஸ் 85-லிருந்து 105 மில்லிமீட்டர். 35-ஐ மாட்டிக்கொண்டு கிட்டே போனால் மூக்கு முதலில் வரும், பெண் பிறகு வருவாள்.

மேக்கப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. சன்ஸ்கிரீனில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, மேலே பூசும் சிலிகா பவுடர் எல்லாம் கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. ஃபிளாஷ் அடித்ததும் முகம் மட்டும் பேயறைந்த மாதிரி வெளுக்கும். அன்றைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம். எண்ணெய் வழிந்தால் பவுடர் மேல் பவுடர் போடாமல் தாளால் ஒற்றி எடுத்தால் போதும். ஃபவுண்டேஷன் நிறத்தைக் கன்னத்தில் பார்க்காமல் தாடை ஓரத்தில், கழுத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு விதத் தலை என்று அலுத்துக்கொண்டீர்கள். அதில் ஒரு வரிசை உண்டு. சுருட்டை முதலில், நீட்டிய முடி பிறகு. இஸ்திரிச் சூடு பட்ட முடி மறுபடி தலைக்குக் குளிக்கும்வரை சுருளாது. இதைத் தெரியாமல் காலையிலேயே நீட்டிவிட்டால், அந்தப் பெண் தினமும் நடமாடுகிற தலை அன்றைக்குப் படத்திலேயே இருக்காது. ஒரே ஒரு படம்தான் என்றால் சுருட்டைதான் என்பேன். பெரிய காது வளையமும் சிவப்பு உதட்டுச் சாயமும் வேண்டாம். ‘காரசாரமான லத்தீன் பெண்’ என்று ஒரு டப்பா இருக்கிறது, அதில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

எடுத்தாயிற்று. அச்சிட வேண்டும். அளவு எட்டு அங்குலத்துக்குப் பத்து. ரெஸ்யூமே போட்டோவின் முதுகில் ஸ்டேப்ளர் பின் கொண்டு குத்தப்பட்டு இருக்கும். ஆனால் அமெரிக்கக் காகிதம் எட்டரைக்குப் பதினொன்று. நிலாவில் ஆளை இறக்கிய தேசம், போட்டோவையும் காகிதத்தையும் ஒரே அளவில் செய்யவில்லை. நியூயார்க்கில் நடிப்புக்கு வருகிறவர்கள் முதலில் கற்கும் கலை கத்தரிப்பதுதான்: அகலத்தில் அரை அங்குலம், உயரத்தில் ஒன்று. உங்கள் வீட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஏ4 கட்டு இருந்தால் இன்னும் விசேஷம். அகலத்தில் ஏழு மில்லிமீட்டர், உயரத்தில் நாலு சென்டிமீட்டருக்கு மேல் போகும், அதாவது கடைசியில் எழுதிய ‘தனித் திறமைகள்’ பூராவும் குப்பைக்கூடைக்கு. பின்னின் கால்கள் ரெஸ்யூமே பக்கம் மடங்கட்டும். மாற்றிக் குத்தினால் நெற்றியில் இரண்டு கொம்பு. முதுகிலேயே நேராக அச்சிடும் புத்திசாலிகளும் உண்டு. அடுத்த நாடகம் கிடைத்ததும் அத்தனை பிரதியும் பழசாகிவிடும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

ரெஸ்யூமேயில் பெயர், ஈக்விட்டி என்கிற மேடை நடிகர் சங்கத்தில் இருக்கிறாளா, உயரம், குரல் எந்த ஸ்தாயி. வயது கூடாது. வீட்டு முகவரி கூடவே கூடாது. நாடகம், வேஷம், தியேட்டர் என்று மூன்று நெடுவரிசை. ‘ஸ்பானிஷ் தெரியும்’ என்று மொட்டையாக எழுதாமல் டொமினிக்கன் ஸ்பானிஷ் என்று எழுதட்டும். சொல்லின் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கும் அந்தப் பேச்சும் மெக்சிகோப் பேச்சும் ஒன்றில்லை. மெக்சிகோப் பாத்திரத்துக்குக் கூப்பிட்டுப் பத்து வரி படிக்கச் சொன்னால் முழிக்க வேண்டியிருக்கும்.

இனி வேஷம். ஆப்பிரிக்க வம்சாவளி லத்தீன் அமெரிக்கர்களான ஆப்ரோ-லத்தீன் நடிகைகளின் பழைய வியாதி இது: லத்தீன் பாத்திரத்துக்குப் போனால் “ரொம்பக் கறுப்பு”, கறுப்பினப் பாத்திரத்துக்குப் போனால் “நீ ஸ்பானிஷ்காரி ஆச்சே”. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் 1961 படத்தில் போர்ட்டோ ரிக்கோ மரியாவாக நடித்தவர் ரஷ்யப் பெற்றோரின் மகள் நேட்டலி வுட், அண்ணனாக வந்த ஜார்ஜ் சக்கீரிஸ் கிரேக்க வம்சம். அனிதாவாக நடித்த நிஜ போர்ட்டோ ரிக்கோக்காரரான ரீட்டா மொரீனோவுக்கும் மற்றவர்களுக்குப் பூசிய அதே கருஞ்சாயத்தைத்தான் பூசினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதே கதையை மறுபடி எடுத்து 2021-இல் வந்த படத்தின் அனிதா வேஷத்துக்குப் போன அரியானா டிபோஸ், என் ஆப்ரோ-லத்தீன் அடையாளத்தைத் தொடப்போவதில்லை என்றால் என்னை எடுக்காதீர்கள் என்று டைரக்டர் ஸ்பீல்பெர்க்கிடமே சொன்னவர். ஆஸ்கர் வாங்கினார். அதே வருடம் ‘இன் த ஹைட்ஸ்’ படம் வந்தது. டொமினிக்கர்கள் நிறைந்த வாஷிங்டன் ஹைட்ஸில் நடக்கிற கதை. முக்கிய வேஷங்களில் கறுத்த லத்தீன் முகங்கள் எங்கே என்று கேட்டார்கள். அதன் மூல நாடகத்தை உருவாக்கிய லின்-மானுவல் மிராண்டா மன்னிப்புக் கேட்டார்.

மேடை சில சமயம் தாராளம். பனாமாவில் பிறந்த டாஃப்னி ரூபின்-வேகா 1996-இல் ‘ரென்ட்’ நாடகத்தின் மிமி. பத்து வருடம் கழித்து ‘லே மிஸரபிள்’ மறுமேடையேற்றத்தில் பிரெஞ்சுத் தொழிலாளிப் பெண் ஃபான்டீன். டிபோஸும் அனிதாவுக்கு முன்பே ‘எ பிராங்க்ஸ் டேல்’ நாடகத்தில் கறுப்பினப் பெண் ஜேன், 2018-இல் பாடகி டோனா சம்மர்.

உங்கள் மகளின் தோழிக்கு முதலில் கிடைப்பது கூட்டத்தில் ஒருத்தி, அல்லது ஏழெட்டுப் பேரின் ஆட்டத்தையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஓடிப்போய் நிற்கிற ‘ஸ்விங்’ வேலை. முகம் சுளிக்க வேண்டாம். 2015-இல் பிராட்வேக்கு வந்த ‘ஹாமில்டனி’ல் டிபோஸ் கூட்டத்தில் ஒருத்திதான். அவருக்கென்று ரசிகர்கள் கொண்டாடும் வேஷம் ஒன்று அதில் உண்டு. துப்பாக்கிக் குண்டு.