நாலு சக்கரம் இருக்கு, நம்பர் பிளேட் இல்லை

கேள்வி: வேளச்சேரியில் குடியிருக்கிறேன். ஆபீஸ் தரமணியில், வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மச்சான் தன் எலெக்ட்ரிக் லாங்போர்டை (நின்றுகொண்டு ஓட்டுகிற நீளமான ஸ்கேட்டிங் பலகை, மோட்டாரைக் கை ரிமோட்டில் இயக்க வேண்டும்) எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு மோட்டார், தலா 350 வாட். பேட்டரி 144 வாட்-அவர். அதிகபட்ச வேகம் 32 கி.மீ. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ரோடு காலியாக இருக்கும். இதில் ஆபீஸ் போகலாமா? போலீஸ் நிறுத்தினால் என்ன ஆகும்? 13 வயதுப் பையனும் ஓட்டக் கேட்கிறான். அப்புறம், முன்சக்கரம் ஒன்று 'கரகர' என்கிறது. அதற்கு என்ன செய்வது?

பதில்: ஆபீஸுக்கு வேண்டாம். அபார்ட்மென்ட் காம்பவுண்டுக்குள் ஓட்டலாம், அதற்கும் சில வேலைகள் இருக்கின்றன. கரகரப்பு சின்ன விஷயம், கடைசியில் பார்ப்போம்.

இந்தியாவில் 'லாங்போர்டு ஓட்டக் கூடாது' என்று தனியாகச் சட்டம் எதுவும் கிடையாது. "தடையே இல்லையே சார்" என்று பலர் என்னிடம் வாதாடுவது இதை வைத்துத்தான். ஆனால் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வண்டியின் பெயரைக் கேட்பதில்லை. இயந்திர விசையில் ஓடி, சாலையில் ஓட்டத் தோதாக இருந்தால் அது மோட்டார் வாகனம் என்கிறது பிரிவு 2(28). தண்டவாளத்தில் ஓடுவதற்கும், ஃபேக்டரி மாதிரி மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடுகிற தனி ரக வண்டிக்கும் விலக்கு உண்டு. நாலு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, என்ஜின் 25 சி.சி.யைத் தாண்டாத வண்டிக்கும் விலக்கு. இங்கே கவனியுங்கள்: நாலுக்குக் குறைவாக. உங்கள் பலகைக்குச் சரியாக நாலு.

பேட்டரி வண்டிகளுக்கு இன்னொரு சலுகை இருக்கிறது. 'லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்' என்று போர்டு மாட்டி விற்கிறார்களே, அந்தச் சின்ன ஸ்கூட்டர்களுக்கானது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(u) என்ற இடத்தில் இருக்கிறது. மோட்டாரின் 30 நிமிட சக்தி, அதாவது அரை மணி நேரம் விடாமல் தரக்கூடிய சக்தி, 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், வேகம் 25 கி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். உங்களுடையது 700 வாட், 32 கி.மீ. இரண்டு பாடத்திலும் ஃபெயில்.

சரி, முறையாக ரிஜிஸ்டர் செய்துவிடலாமா? அதுவும் நடக்காது. ரிஜிஸ்டர் செய்ய வேண்டுமானால் அந்த மாடல் பரிசோதனை மையத்தில் தேறி, ஏதாவது ஒரு வகைக்குள் வர வேண்டும். டூவீலருக்கு ஒரு வகை, ஆட்டோவுக்கு ஒரு வகை, பஜாஜ் க்யூட் மாதிரி குட்டி நாலு சக்கர வண்டிக்குக்கூட ஒரு வகை இருக்கிறது. சீட், ஹேண்டில்பார், லைட், கண்ணாடி எதுவுமே இல்லாத ஒரு பலகைக்கு எந்த வகையும் இல்லை.

மச்சான் ஊரில் எப்படி ஓட்டினார் என்று கேட்பீர்கள். அங்கே இதற்கென்றே சட்டம் போட்டார்கள், 2016 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. மோட்டார் சராசரியாக 1,000 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 20 மைலுக்குள். 20 மைல் என்றால் 32 கி.மீ. உங்கள் போர்டின் வேகம் அந்தச் சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறதா? அங்கேயும் பொது இடத்தில் 15 மைலுக்கு மேல் போகக் கூடாது, ஹெல்மெட் கட்டாயம், 16 வயது ஆகியிருக்க வேண்டும். எல்லா வெளிநாட்டிலும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனி 2019-இல் மின் ஸ்கூட்டர்களை அனுமதித்தபோது பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தாக வேண்டும் என்று எழுதியதால் லாங்போர்டு வெளியே நின்றுவிட்டது. பிரிட்டனில் ரோட்டிலும் ஓட்ட முடியாது, நடைபாதையிலும் ஓட்ட முடியாது.

இனி போலீஸ். உள்ளதைச் சொல்கிறேன். என்னை நிறுத்திய ஒரே தடவை, அந்தக் கான்ஸ்டபிள் கேட்ட முதல் கேள்வி "இது எவ்ளோ சார்?" இரண்டாவது, "எத்தன கிலோமீட்டர் குடுக்கும்?" மூன்றாவதாக, கையில் எடுத்துக்கொண்டு நடந்து போகச் சொன்னார். பெரும்பாலும் இவ்வளவோடு முடியும், ஆனால் அதை நம்பி ஆபீஸ் போக முடியாது. ரிஜிஸ்டர் ஆகாத வண்டி ஓட்டினால் 192-ஆம் பிரிவில் முதல் தடவைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் 196-இல் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதெல்லாம் சட்டத்தில் இருக்கும் தொகை. ரோட்டில் வைத்து வாங்குவது மாநில அரசாணைப்படி மாறும். 207-ஆம் பிரிவில் வண்டியைப் பிடித்தும் வைக்கலாம். பிடித்த வண்டியை மீட்கப் போனால் முதலில் கேட்பது ஆர்.சி. அதுதான் உங்களிடம் இல்லையே!

"இது விளையாட்டுச் சாமான், வண்டியே இல்லை" என்று ஒரு வக்கீல் வாதாடலாம். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் தோளில் லேப்டாப் பையும் கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டுமாகத் தரமணி ரோட்டில் நிற்பவருக்கு அது உதவாது.

நான் பயப்படுவது அபராதத்துக்கு அல்ல. வாக்கிங் போகிற ஒரு பெரியவர்மேல் மோதிவிட்டீர்கள், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று வையுங்கள். பைக் என்றால் தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருக்கும், நஷ்ட ஈட்டைக் கம்பெனி கட்டும். ரிஜிஸ்ட்ரேஷனே இல்லாத பலகைக்கு எவரும் மோட்டார் இன்ஷூரன்ஸ் தரமாட்டார்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகை முழுக்க உங்கள் கையிலிருந்து போகும். கூடவே, பொது வழியில் அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் (இப்போதைய தண்டனைச் சட்டம்) 281-ஆம் பிரிவு. அது தனிக் கேஸ்.

'ஆறு மணிக்கு ரோடு காலி' என்கிறீர்கள். அந்த நேரத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். மெயின் ரோட்டைத் தொடுவதற்கு முன்னால் உட்தெருக்களைத் தாண்ட வேண்டும். ஆறு மணிக்கு வீட்டுக்கு வீடு வாசல் தெளித்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் ரோட்டின் பாதிவரை வரும். காய்ந்த சிமென்ட்டில் கெட்டியாகப் பிடிக்கிற யூரித்தேன் சக்கரம், ஈரமான வழவழப்பில் வாழைப்பழத் தோல்தான். மார்கழியில் கோலமும் சேர்ந்துகொள்ளும். கோலத்தைத் தவிர்க்க வளைத்தால் ஈரத்தில் வளைக்கிறீர்கள், வளைக்காவிட்டால் கோலத்தை அழிக்கிறீர்கள். அந்த வீட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது 192-ஆம் பிரிவைவிட மோசம்.

அப்புறம் தெரு நாய்கள். பைக்கைக் கண்டுகொள்ளாத நாய்கூட, தரையை ஒட்டிக் 'கிர்ர்ர்' என்று போகிற பலகையை விடாது. பைக்கில் காலைத் தூக்கிக்கொள்ளலாம், இதில் நின்றுகொண்டிருப்பதே அந்தக் காலில்தான்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். 30 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறீர்கள். ஆபத்தைப் பார்த்து விரல் ரிமோட்டின் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த எட்டு மீட்டர் போய்விடும். தடுமாறாமல் நிற்க இன்னும் 12 முதல் 14 மீட்டர். மொத்தம் 20 மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளம். 20 கி.மீ.யில் அதுவே 12 மீட்டர்தான். இதற்கு நடுவில் மேன்ஹோல் மூடி, பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர், லாரி சிந்திய ஜல்லி எல்லாம் வரும். 90 மில்லிமீட்டர் சக்கரத்துக்குக் கட்டைவிரல் அளவு கருங்கல் ஒன்று போதும். பலகை அங்கேயே நின்றுவிடும், நீங்கள் மட்டும் போய்க்கொண்டிருப்பீர்கள்.

பிரேக்கைப் பற்றி விலாவாரியாகச் சொல்ல வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த போர்டுகளில் தேய்கிற பிரேக் கிடையாது. மோட்டாரே டைனமோ மாதிரி மாறி, வேகத்தை மின்சாரமாக்கித் திரும்ப பேட்டரிக்கு அனுப்புகிறது. பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த மின்சாரம் எங்கே போகும்? நல்ல கன்ட்ரோலர் (மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற சர்க்யூட்) என்றால் பிரேக்கை மெல்லக் குறைக்கும். மட்டமானது சட்டென்று விட்டுவிடும். எங்கள் அபார்ட்மென்டில் சார்ஜரிலிருந்து அப்போதுதான் கழற்றிய போர்டில் ஏறி, பேஸ்மென்ட் சரிவில் இறங்கினேன். பிரேக்கைப் பிடித்தேன், ஒரு கணம் பிடித்தது, பிறகு இல்லை. குதித்துவிட்டேன், முழங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆனது. போர்டு தனியாக ஓடி, பக்கத்து ஃபிளாட்காரரின் ஸ்கூட்டி ஸ்டாண்டில் மோதி நின்றது. அன்றிலிருந்து முழு சார்ஜ் ஆன நாளில் முதல் ஒரு கிலோமீட்டர் சமதரையில் ஓட்டிவிட்டுத்தான் சரிவுப் பக்கமே போகிறேன்.

ஆகவே, காம்பவுண்டு. பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகிற இடத்தைத்தான் சட்டம் பொது இடம் என்கிறது. கேட்டும் செக்யூரிட்டியும் உள்ள குடியிருப்பின் உள்ரோடு பெரும்பாலும் அதில் வராது. அங்கேயும் யாரையாவது இடித்தால் பொறுப்பு உங்களுடையதுதான். அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம், செயலாளர் மாறுவார். நேரத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள். ஸ்கூல் வேன் வருகிற ஏழிலிருந்து எட்டரை வேண்டவே வேண்டாம். பெசன்ட் நகர் பீச் ரோடும் மெரினாவும் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் மணல் பேரிங்கைத் தின்றுவிடும், நடப்பவர்களும் அதிகம். பாண்டி பஜாரின் அகலமான நடைபாதை நடப்பவர்களுக்காகக் கட்டியது, அங்கே மோட்டாரோடு ஏறாதீர்கள்.

பையனுக்கு மோட்டார் வேண்டாம். சட்டப்படி, மைனர் ரோட்டில் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவில் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் வண்டிச் சொந்தக்காரருக்கோ பெற்றவருக்கோதான். சட்டத்தை விட்டாலும், காலால் தள்ளி ஓட்டத் தெரியாதவனுக்கு ரிமோட்டைக் கொடுப்பது நீந்தத் தெரியாதவனை மோட்டார் படகில் ஏற்றுவதுதான். மோட்டார் இல்லாத சாதாரண லாங்போர்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். மூன்று மாதத்தில் உங்களைவிட நன்றாக ஓட்டுவான். ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள். விழும்போது எல்லாரும் முதலில் கையைத்தான் ஊன்றுகிறோம். நீங்கள் முகத்தையும் மூடுகிற ஹெல்மெட்டாகப் பாருங்கள்.

ஆபீஸுக்கு? வேளச்சேரி பறக்கும் ரயிலில் ஏறினால் பெருங்குடி, அடுத்தது தரமணி. இரண்டே ஸ்டேஷன். சொந்த வண்டிதான் வேண்டும் என்றால் மேலே சொன்ன சலுகைக்குள் வருகிற, 250 வாட்டுக்கும் 25 கி.மீ.க்கும் கீழான பெடல் மின்சைக்கிள். வாங்கும்போது அந்த மாடல் அங்கீகாரச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரிக்கு மூன்றே பேச்சு. வெயிலில் ஓட்டிவிட்டு வந்து சூடாகவே சார்ஜ் போடாதீர்கள், அரை மணி நேரம் ஃபேன் காற்றில் ஆறட்டும். ராத்திரி தூங்கும்போது போடாதீர்கள், வாசல் கதவுக்குப் பக்கத்திலும் போடாதீர்கள், ஏதாவது பிடித்தால் வெளியே வர வழி வேண்டும். ஐப்பசி மழை ஆரம்பித்தால் பாதி சார்ஜில் வைத்து, துணி சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். வேளச்சேரிக்காரருக்கு ஏன் மேலே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மச்சானிடம் திருப்பி அனுப்ப நினைத்தால், 100 முதல் 160 வாட்-அவர் வரையுள்ள லித்தியம் பேட்டரிக்கு ஏர்லைனிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மேல் போனால் பயணி விமானத்தில் ஏற்றமாட்டார்கள். உங்களுடையது 144, தப்பித்தீர்கள். ஆனால் இந்த மாதிரி வண்டிகளையே ஏற்றாத ஏர்லைன்களும் உண்டு, டிக்கெட் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

இப்போது கரகரப்பு. சக்கரத்தைக் கையால் சுற்றி விடுங்கள். மணல் அரைபடுகிற சத்தத்தோடு நாலைந்து சுற்றிலேயே நின்றால் பேரிங் போயிருக்கிறது. நட்டைக் கழற்றிச் சக்கரத்தை உருவினால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேரிங் இருக்கும். பெரும்பாலான போர்டுகளில் மோட்டார் இல்லாத சக்கரங்களுக்கு வருவது 608 என்ற அளவு: உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. ஸ்கேல் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கம் பேரிங் கடையில் '608, இரண்டு பக்கமும் ரப்பர் சீல்' என்று கேளுங்கள். உப்புக்காற்று ஊருக்கு இரும்புத் தகடு மூடி சரிவராது, ரப்பர் சீல்தான் வேண்டும். நாலு எடுங்கள். ஒன்று கரகரத்தால் மற்ற மூன்றும் பின்னாலேயே வரும்.