சூடு ஏறுறதை இங்கிலீஷ்ல எழுதறது: ஒரு கடிதம்

அண்ணா, வணக்கம். ஒரு அமெரிக்க இதழுக்கு அனுப்ப இங்கிலீஷ்ல சிறுகதை எழுதிட்டிருக்கேன். தூத்துக்குடியில மீன் கோல்ட் ஸ்டோரேஜ்ல வேலை பாக்குற ஒருத்தர், உள்ள மைனஸ் 18 டிகிரி, கதவைத் திறந்து வெளிய வந்தா மதியம் 38 டிகிரி வெயில். "தி டெம்பரேச்சர் சடன்லி பிகேம் வெரி ஹாட்"னு எழுதி, அந்த 56 டிகிரி வித்தியாசத்தை மாத்தி 133 ஃபாரன்ஹீட்னு போட்டேன். படிச்சா சுடவே மாட்டேங்குது. என்ன பண்றது?

தம்பி,

முதல்ல அந்த 133-ஐ எடுத்துடுங்க. தெர்மாமீட்டர் காட்டுற செல்சியஸ் அளவை ஃபாரன்ஹீட்டா மாத்தும்போதுதான் 1.8-ஆல பெருக்கி 32 கூட்டணும், வித்தியாசத்தை மாத்தும்போது கூட்டக்கூடாது, 1.8-ஆல பெருக்கினா போதும். மைனஸ் 18-னா கிட்டத்தட்ட 0 ஃபாரன்ஹீட், 38-னா 100, அப்ப வித்தியாசம் சுமார் 100 டிகிரிதான். நிறைய பேர் இதுல வழுக்குறாங்க.

அடுத்தது, டெம்பரேச்சர் ஹாட் ஆகாது, ஹை ஆகும், ரைஸ் ஆகும். ஹாட் ஆகுறது காத்து, தரை, கதவோட கைப்பிடி. அப்புறம் 'பை', 'டு' ரெண்டையும் குழப்பிக்காதீங்க, 'ரோஸ் பை 40'னா 40 டிகிரி கூடிச்சு, 'ரோஸ் டு 40'னா 40-க்கு வந்து நின்னுச்சு, ஒரு சின்ன சொல்லு மாறினா வேற ஊர் வெயிலாயிடும்.

ஆனா நீங்க கேட்டது ஏன் சுடலைன்னு. அதுக்கு ஒரு நிஜ சம்பவம் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்காவுல தெற்கு டகோட்டா மாநிலத்துல ஸ்பியர்ஃபிஷ்னு ஒரு ஊரு, 1943 ஜனவரி 22, காலையில 7.30-க்கு மைனஸ் 4 ஃபாரன்ஹீட், 7.32-க்கு 45. ரெண்டே நிமிஷம். மலைச்சரிவுல இறங்குற சினூக் காத்து, இறங்க இறங்க அமுங்கி சூடாயிடும், அதான் காரணம். 9 மணிக்கு 54 வரைக்கும் ஏறி, 9.27-க்கு திரும்பவும் மைனஸ் 4. ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுச்சு, கார் கண்ணாடியில சட்டுனு பனி படிஞ்சுது.

இதை இங்கிலீஷ்ல சொல்ல 'சோர்ட்' (விர்ருனு ஏறுச்சு), 'ப்ளம்மட்டட்' (சடார்னு விழுந்துச்சு) எதுவும் வேணாம், 'ரோஸ்', 'ஃபெல்' போதும், ஏன்னா வேகம் அந்த ரெண்டு நிமிஷத்துல இருக்கு, வினைச்சொல்லுல இல்ல. நீங்க எண்ணு போட்டீங்க, எவ்ளோ நேரத்துலன்னு போடல. ஒரு கதவு திறந்து மூடுற நேரம், அதை எழுதுங்க, 'சடன்லி' தானா உதிர்ந்துடும்.

அந்தக் கார் கண்ணாடியும் உங்க கதைக்குள்ள இருக்கு தம்பி. உங்க ஆளு கண்ணாடி போட்டிருக்கட்டும். மைனஸ் 18-ல கிடந்த கண்ணாடி தூத்துக்குடி கடல்காத்துல பட்ட உடனே அதுல ஈரம் படிஞ்சு வெள்ளையாயிடும், அவருக்கு வெயில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, முகத்துல மட்டும் அடிக்கும். கழட்டி சட்டையில துடைப்பார், திரும்பப் போட்டா திரும்ப மங்கும். அந்த இடத்தை சின்னச் சின்ன வாக்கியமா எழுதிட்டு எனக்கு அனுப்புங்க, படிக்கக் காத்திருக்கேன்.