நடைச்சீட்டில் இருப்பது யாருடைய கையெழுத்து?

கேள்வி: பாலாற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் 11 ஆண்டுகளாக ஒரு நாளிதழின் தாலுகா நிருபராக இருக்கிறேன். ஏரியில் சவுடு மண் அள்ளுவதற்கு வாங்கிய அனுமதியைக் காட்டி, இரவில் ஆற்று மணலைக் கடத்துகிறார்கள். ஒரே நடைச்சீட்டில் (ஒரு லோடு கொண்டுபோகத் தரும் அனுமதித் தாள்) ஐந்தாறு நடை ஓடுகிறது. நேரம் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டு, வழியில் யாராவது மறித்தால் மட்டும் நிரப்பிக்கொள்கிறார்கள். வருவாய்த் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் மாதந்தோறும் பணம் போகிறது. பின்னால் இருப்பவர் உள்ளூர் அரசியல் புள்ளி. 14 சீட்டுகளின் படங்கள் என்னிடம் உள்ளன (என் மச்சான், மனைவியின் தம்பி, அந்த டிப்பர் லாரிகளில் ஒன்றில்தான் ஓட்டுநர், அவன் எடுத்துத் தந்தவை). இரண்டு முறை மிரட்டல் வந்துவிட்டது. நான் அஞ்சவில்லை. ஆனால் மனைவி மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை; குடும்பத்துப் பெண்களுக்கு இந்த வேலையின் அருமை தெரிவதில்லை. வெளியிடலாமா, விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத நிருபர்

பதில்: உங்கள் துணிச்சலைப் பாராட்டி நான்கு வரி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மணல், கல், கந்துவட்டி, புறம்போக்கு நிலம் என்று சிற்றூர் நிருபர்கள் எனக்குப் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். துணிச்சல் இல்லாத கடிதம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தில் என்னை மேலே படிக்க விடாமல் நிறுத்தியது, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நீங்கள் கடந்துபோன ஒரே ஒரு வரி. மச்சான் அந்த டிப்பரில் ஓட்டுநர்.

நீங்கள் அஞ்சவில்லை என்கிறீர்கள். தம்பி, அந்த 14 சீட்டுகளில் இருப்பது உங்கள் கையெழுத்தா? வண்டி எண்ணும் சேருமிடமும் ஓட்டுநர் கையெழுத்தும் உள்ள ஒரு தாள் அச்சில் வந்தால், மறுநாள் காலையில் தேநீர்க் கடையில் பத்திரிகையை விரிக்கும் அந்தக் கும்பலின் கணக்கப்பிள்ளைக்கு, அது யார் கையிலிருந்து போனது என்று கண்டுபிடிக்க ஒரு மிடறு தேநீர் குடிக்கும் நேரம்கூடத் தேவைப்படாது. எண்ணையும் கையெழுத்தையும் மறைத்துவிடுவேன் என்பீர்கள். சீட்டை மடித்த மடிப்பு, சேருமிடத்தை எழுதிய பேனாவின் மை, படத்தின் ஓரத்தில் தெரியும் இருக்கை உறை, தாளைப் பிடித்திருக்கும் கட்டைவிரல், இவற்றையெல்லாம் எதைக் கொண்டு மறைப்பீர்கள்? தினமும் அந்த வண்டியில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இவற்றில் ஒன்றே போதும்.

இன்னொன்றை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, 11 ஆண்டுகளில் நீங்களே பலமுறை எழுதியிருப்பீர்கள்: 'மணல் கடத்திய லாரி பறிமுதல், ஓட்டுநர் கைது.' ஒற்றைப் பத்தியில் வரும் அந்தச் செய்தியில் உரிமையாளரின் பெயர் எத்தனை முறை இருந்தது? 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 21ஆவது பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழி செய்கிறது. அதில் முதலில் அகப்படுகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர்தான். உங்கள் செய்தியால் அதிகாரிகள் விழித்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ள நேர்ந்தால், முதல் வழக்கு உங்கள் மச்சான்மீது பாயும். விழித்துக்கொள்ளாவிட்டால், அவனை அந்தக் கும்பல் பார்த்துக்கொள்ளும்.

ஹரியானாவின் சிர்சாவில் நடந்ததை நிருபர்கள் எல்லாரும் அறிவோம். 'பூரா சச்' என்ற சிறு மாலை நாளிதழை நடத்திய ராம் சந்தர் சத்ரபதி, உள்ளூரின் செல்வாக்குமிக்க ஆசிரமம் ஒன்றில் நடந்த பாலியல் கொடுமையைச் சொல்லும் பெயரில்லாக் கடிதத்தை 2002இல் வெளியிட்டார். அக்டோபரில் வீட்டு வாசலில் அவரைச் சுட்டார்கள், நவம்பரில் இறந்தார். அவருடைய மகன் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்கியபின், 2019 ஜனவரியில் பஞ்ச்குலா சிபிஐ சிறப்பு நீதிமன்றம் நால்வருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் சத்ரபதி சுடப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, 2002 ஜூலையில், ரஞ்சித் சிங் என்ற மனிதர் கொல்லப்பட்டார். அந்த ஆசிரமத்தின் நிர்வாகத்தில் இருந்தவர் அவர். கடிதம் வெளியே போனதற்கு அவரே காரணம் என்ற சந்தேகத்தில்தான் கொன்றார்கள் என்பது சிபிஐ சொன்ன காரணம். அந்த வழக்கில் 2021இல் வந்த தண்டனையை 2024இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்து எல்லாரையும் விடுவித்துவிட்டது. செய்தி எழுதியவரின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது. செய்தி எங்கிருந்து வந்தது என்ற சந்தேகத்துக்கு ஆளானவரின் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

சட்டம் மச்சானைக் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். செய்தியின் மூலத்தை வெளியிடும்படி பத்திரிகையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1978ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம் சொல்வது, அந்தக் கவுன்சிலின் விசாரணைக்கு மட்டுமே பொருந்தும். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு நம் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, நிருபருக்கும் அவருக்குத் தகவல் தந்தவருக்கும் இல்லை. முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைக் காக்க நாடாளுமன்றம் 2014இல் நிறைவேற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. ஆகவே அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே காப்பு நீங்கள்தான். நீங்களோ அவனை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டீர்கள்.

இப்போது உங்கள் மனைவியின் மௌனத்துக்கு வருகிறேன். இந்த வேலையின் அருமை அவருக்குத் தெரியவில்லை என்று எழுதியதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டும். 11 ஆண்டுகளாக, சம்பளம் என்று சொல்லவே முடியாத தொகையில் தாலுகா நிருபருக்குக் குடும்பம் நடத்திக் கொடுத்தவருக்கா அருமை தெரியாது? அவர் அஞ்சுவது உங்கள் பத்திரிகைக்காக அல்ல, உங்களுக்காக மட்டும்கூட அல்ல, உடன்பிறந்தவனுக்காக. நாளைக்கு உங்கள் பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் அவன். படம் எடுத்துக் கொடு என்று அவனிடம் கேட்குமுன் அவன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் அதைக் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். அக்காள் கணவன் கேட்டால் நம் வீடுகளில் இளையவர்கள் மறுத்துப் பேசுவதில்லை. அந்த மரியாதையை நீங்கள் செலவழித்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

இவ்வளவு சொன்னதால், விட்டுவிடுங்கள் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். ஆற்றில் மணல் போனால் மழைநீரைப் பிடித்து வைக்கும் மடி போகிறது, ஊர்க் கிணறு வற்றுகிறது. அதை எழுதுவது உங்கள் கடமை, எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படங்களில் ஒன்றுகூட, ஒரு மூலைகூட, அச்சில் வரக்கூடாது. அவை உங்களுக்கு வழி காட்டியதோடு அவற்றின் வேலை முடிந்தது. எங்கே தோண்ட வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதே உண்மையை வேறு கையிலிருந்து எடுங்கள்.

அனுமதி ஆணையில் சர்வே எண், ஆழம், கன அளவு, காலம் எல்லாம் இருக்கும். மாவட்டக் கனிமவளத் துறையில் தகவல் உரிமைச் சட்டப்படி அதையும், வழங்கப்பட்ட சீட்டுகளின் எண்ணிக்கையையும் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவு ஆவணங்களை நேரில் பார்வையிடவும் இடம் தருகிறது. விண்ணப்பம் உங்கள் பெயரில் போக வேண்டாம், யார் கேட்டார் என்பது மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். உங்கள் நாளிதழின் தலைமை அலுவலகத்திலிருந்து, வேறு நான்கு ஏரிகளுக்கான கேள்விகளோடு சேர்த்துப் போகட்டும். ஏரியில் தோண்டப்பட்ட பள்ளத்தை அளந்தாலே, வெளியே போன லோடு அங்கிருந்து வந்திருக்க முடியுமா என்பது தெரிந்துவிடும். பொதுச் சாலையில் நின்று மூன்று இரவு லாரிகளை எண்ணுங்கள், தனியாக அல்ல.

தனியாக என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில் சந்தீப் சர்மா, மணல் கடத்தலுக்கும் காவல் துறைக்கும் இருந்த தொடர்பை வெளிப்படுத்திவிட்டு, உயிருக்கு ஆபத்து என்று எழுத்திலும் கொடுத்திருந்தார். 2018 மார்ச்சில் அவர்மீது லாரி ஏறியது. பல்லடம் அருகே 2024 ஜனவரியில் வெட்டப்பட்ட தொலைக்காட்சி நிருபர், அன்றிரவு காவல் துறையைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆகவே வந்த இரண்டு மிரட்டல்களையும் நாள், நேரம், எண் குறித்து நிலையத்தில் புகாராகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திரட்டியது அனைத்தும் ஆசிரியரிடமும், வேறு பத்திரிகை நிருபர் இருவரிடமும் இருக்கட்டும். உங்களை மட்டும் அடக்கினால் செய்தி அடங்காது என்று அவர்களுக்குத் தெரிவதே பெரிய பாதுகாப்பு.

அதற்கு முன் மச்சான் அந்த வண்டியிலிருந்து இறங்கியாக வேண்டும். செய்தி வருவதற்கு முந்தைய வாரம் இறங்கினால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். முதலில் அவன் வெளியூரில் வேறு வேலைக்குப் போகட்டும், அவன் இடத்தில் இன்னொருவர் வந்து ஓட்டட்டும், இரண்டு மூன்று மாதம் கழியட்டும். அதற்குள் அவனிடம் இனி ஒரு படமும் கேட்காதீர்கள், அவனாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செய்தி பழசாகிவிடும் என்ற கவலை வேண்டாம், பள்ளம் அங்கேயேதான் இருக்கும்.

இன்றிரவே உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுரை முடிந்ததும், ஆசிரியருக்கு அனுப்புமுன் அவருக்கு முழுவதும் படித்துக் காட்டுங்கள். தம்பியை அடையாளம் காட்டிக்கொடுக்கும் வரி எது என்பது உங்களுக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரியும். அந்த வரியை அவர் சொன்ன இடத்திலேயே அடித்துவிடுங்கள்.