பல்கலைக்கழகத்தின் பெயர் சரி, படிப்பின் பெயர் என்ன?

கேள்வி: என் மகளுக்கு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஒரு வருட எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. ஸ்காலர்ஷிப் இல்லை. எல்லாம் சேர்த்து 60 லட்சம் ஆகுமாம். கையில் 20 லட்சம் இருக்கிறது. மீதிக்குச் செம்பூர் ஃபிளாட்டை அடமானம் வைக்கலாமா? நான் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தான். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு பில்டரை வைத்துப் புதிதாகக் கட்டும் சொசைட்டி ரீடெவலப்மென்ட் பேச்சும் நடக்கிறது. "அந்தப் பேர் வந்துவிட்டால் அப்புறம் கவலையே இல்லை" என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
— ஒரு தந்தை, செம்பூர், மும்பை

பதில்: வைக்காதீர்கள். குறைந்தது இந்தக் கடிதத்தில் இருக்கும் காரணங்களுக்காக வைக்காதீர்கள்.

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஏழு இடத்தில் வருகிறது. மகள் அங்கே என்ன படிக்கப் போகிறாள் என்பது ஓர் இடத்தில்கூட இல்லை. அங்கே எம்.எஸ்ஸி. என்பது ஒரே படிப்பு அல்ல. நூற்றுக்கு மேல் இருக்கின்றன. நிதித்துறைப் படிப்பை முடித்தவருக்குத் திறக்கும் கதவு வேறு, சமூகக் கொள்கையோ மானுடவியலோ படித்தவருக்குத் திறக்கும் கதவு வேறு. எல்லாம் நல்ல படிப்புகள்தான். ஆனால் 40 லட்சம் கடனை எத்தனை வருடத்தில் அடைக்கலாம் என்ற கணக்கு ஒவ்வொன்றுக்கும் மாறும். அந்தக் கணக்கைப் போடாமல் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகக் கூடாது.

கணக்கை நானே தொடங்கி வைக்கிறேன். 40 லட்சம், 10.5 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 54,000 ரூபாய். படிக்கும் காலத்திலும் வேலை தேடும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஒன்றரை வருட வட்டியை அசலோடு சேர்த்தால் தவணை 60,000-ஐத் தாண்டிவிடும். லண்டனில் வேலை கிடைத்து பவுண்டில் சம்பளம் வாங்கினால் சமாளிக்கலாம். மும்பைக்குத் திரும்பி வந்து முதல் வேலையில் சேர்ந்தால்? சம்பளத்தில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். மூன்று வருடத்தில் உங்கள் சம்பளமும் நின்றுவிடும். மிச்சம் இருக்கப்போவது வீடு ஒன்றுதான்.

ரீடெவலப்மென்ட் விஷயத்தை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஃபிளாட்டின் மேல் வங்கிக் கடன் ஏறி, சொசைட்டியில் உங்கள் பங்குக்கான ஷேர் சர்டிபிகேட்டும் வங்கியில் போய் உட்கார்ந்துவிட்டால், பில்டரோடு ஒப்பந்தம் போட வங்கியின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும். கட்டடத்தில் மற்ற எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் காத்திருக்க, நீங்கள் வங்கிக்கும் சொசைட்டிக்கும் நடந்துகொண்டிருப்பீர்கள்.

அடுத்தது காலக்கெடு. ஒரு வருடப் படிப்பு என்று கேட்கும்போது செலவு குறைவு என்று தோன்றும். உண்மையில் அந்த ஒரு வருடம் மிக வேகமாக ஓடுகிறது. செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும். பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டு வேலைக்கான விண்ணப்பங்களை அதே செப்டம்பர், அக்டோபரில்தான் வாங்குகின்றன. டிசம்பருக்குள் பல கதவுகள் மூடிவிடும். லண்டனில் படித்துவிட்டுத் திரும்பிய மாட்டுங்காப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னது இது: முதல் ஐந்து வாரமும் அறை தேடுவதிலேயே போயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது அவன் குறித்து வைத்திருந்த நிறுவனங்களில் பாதிக்குக் கடைசித் தேதி முடிந்திருந்தது. கெட்டிக்காரப் பையன். யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, அவ்வளவுதான். நாங்கள் இதுவரை இதை எழுதாமல் விட்டதும் தவறுதான்.

படிப்பு முடிந்தபின் அங்கேயே தங்கி வேலை தேட பிரிட்டன் தரும் கிராஜுவேட் விசா இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம்தான். அதற்குள் விசா ஸ்பான்சர் செய்யத் தயாராக இருக்கும் நிறுவனம் கிடைக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பள வரம்பும் உண்டு: பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண்ட், புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு 33,400. "பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வாள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். லண்டன் வாடகையை அதை நம்பிக் கணக்கிடாதீர்கள்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, முதலில் அதை வங்கியிலேயே பயன்படுத்திப் பாருங்கள். பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களுக்கென்று சில வங்கிகள் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருந்தால் சொத்தை ஈடாகக் கேட்காமலே பெரிய தொகையைக் கடனாகத் தருகின்றன. கோ-அப்ளிகன்ட்டாக, அதாவது கடனுக்குச் சேர்ந்து விண்ணப்பிப்பவராக, உங்கள் கையெழுத்து வேண்டும், தவணை அதே தவணைதான். ஆனால் வீடு அதில் மாட்டாது. இதைக் கேட்டுப் பார்க்காமலே ஏன் அடமானத்துக்குப் போனீர்கள்?

இதே பல்கலைக்கழகத்தில் படித்த இன்னொரு மும்பைக்காரரைச் சொல்கிறேன். அம்பேத்கர் 1916-இல் அங்கே சேர்ந்தார். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை முடிந்துவிட்டதால் 1917-இல் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. இன்றும் சர்ச்கேட்டில் இருக்கும் சிடன்ஹாம் கல்லூரியில் 1918-இல் பேராசிரியராகச் சேர்ந்து பணம் சேர்த்தார். கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி, ஒரு பார்சி நண்பரிடம் வாங்கிய கடன், எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு 1920-இல் மறுபடி கப்பல் ஏறினார். 1923-இல் டி.எஸ்ஸி. என்ற முனைவர் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்துக்கு அவர் ஆய்வு செய்தது ரூபாயைப் பற்றி. மூன்று வருட இடைவெளி அந்தப் படிப்பைக் கெடுக்கவில்லை.

உங்கள் மகளும் ஒரு வருடம் தள்ளிப் போடலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே, சேர்க்கையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஒருமுறை இடம் கிடைத்தவருக்கு இன்னொரு முறையும் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வருடத்தில் ஸ்காலர்ஷிப் வேட்டையைத் தொடங்கட்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு வருடம். படித்து முடித்ததும் இரண்டு வருடம் நாடு திரும்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. உங்கள் ஊரிலேயே ஜே.என். டாட்டா எண்டோமென்ட் 1892 முதல் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் உதவித்தொகை தருகிறது. நம் குடியரசுத் தலைவராக இருந்த கே.ஆர். நாராயணன் டாட்டா உதவியில்தான் இதே லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குப் போனார். இவற்றுக்கெல்லாம் கடைசித் தேதிகள் படிப்பு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். இடம் கிடைத்தபின் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் தாமதம்தான்.

சொந்தக்காரர்கள் சொன்னதைக் கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் யாரும் தவணை கட்டப் போவதில்லை. மகள் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. அவளுக்கு 40 லட்சம் கடன் பற்றி முழுசாகத் தெரியுமா? வீடு அடமானம் போவது தெரியுமா? "அவளுக்கு எதற்கு இந்தக் கவலை" என்று மறைத்திருந்தால், இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். வேலைக்குப் போகிற வயது வந்த பெண், கணக்கு அவளுக்கும் புரியும்.

அப்புறம் அவளையே எங்களுக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தப் படிப்பு, ஏன் அது, முடித்தபின் எந்த ஊரில் என்ன வேலை என்று அரைப் பக்கம் போதும். அந்தக் கடிதம் வந்தால், அடமானம் வைக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு மறுபடி பதில் எழுதுகிறேன்.