ஆங்கிலத்தில் சரிபார்த்த ஆளுமைக் கேள்வித்தாளைத் தமிழில் ஏன் மறுபடி சோதிக்க வேண்டும்?

"தமிழாக்கத்தைத் திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பார்த்துவிட்டோம், மூலத்தோடு ஒத்துப்போகிறது. இதற்கு மேல் என்ன சோதனை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்தத் தைரியத்தில்தான் தாள்களை எடுத்துக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். சொந்த ஊர், சொந்த மொழி, வேறென்ன வேண்டும்!

நான் எடுத்துப் போனது தற்பெருமை, சூழ்ச்சி, ஈவிரக்கமின்மை ஆகிய மூன்றையும் அளக்கும் தாள். இந்த மூன்றையும் 2002இல் உளவியலாளர்கள் பால்ஹஸ், வில்லியம்ஸ் இருவரும் 'இருண்ட மும்மை' என்று சேர்த்துப் பேசினார்கள். (நம்மூர்க் கல்யாணப் பந்தியில் மூன்றும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும், அது வேறு கதை.) 2014இல் ஜோன்ஸும் பால்ஹஸும் வெளியிட்ட குறுவடிவத்தில் குணத்துக்கு 9 வீதம் 27 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (முற்றிலும் மறுக்கிறேன்) முதல் 5 (முற்றிலும் ஏற்கிறேன்) வரை எண் போட வேண்டும்.

சூழ்ச்சிப் பகுதியின் முதல் வாக்கியம், ரகசியங்களை வெளியே சொல்வது புத்திசாலித்தனம் அல்ல என்பது. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் யோசிக்காமல் 5 போட்டார். ஏன் என்றேன். "இதக் கேக்கணுமா தம்பி? புது டிசைன வாயத் தொறந்து சொன்னா, நாளைக்கே அடுத்த தெருப் பட்டறையில நிக்கும்." அடுத்தவரும் 5. அவர் மனைவியும் 5, "எங்க ஆயா சொன்னதே இதுதான்" என்ற விளக்கத்தோடு. வாய் அடக்கம் இங்கே தொழில் தர்மம், வளர்ப்பு. சூழ்ச்சிக்காரனும் 5 போடுவான், சாதுவும் 5 போடுவார். எல்லாரும் ஒரே எண்ணைப் போட்டால் அந்த வாக்கியம் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்காது. மற்ற எட்டு வாக்கியங்களோடும் சேர்ந்து ஏறி இறங்காது.

திருப்பிப் பெயர்த்ததில் இது மாட்டவில்லையா? மாட்டாது. சொல்லுக்குச் சொல் போட்டிருந்ததால் ஆங்கிலத்துக்குப் போனபோது அச்சு அசலாக மூலமே வந்து நின்றது. நான் வேறு அதற்குப் பெருமைப்பட்டேன்.

இதைவிடப் பெரிய அடி ஏற்காட்டில். சட்டத்தின் பிடியில் ஒருபோதும் சிக்கியதில்லை என்றொரு வாக்கியம் உண்டு. மறுதலை வாக்கியம்: 1 போட்டால் 5 என்று மாற்றிக் கணக்கிட வேண்டும். காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "இல்லவே இல்லீங்க, போலீஸ் ஸ்டேஷன் வாசலக்கூட மிதிச்சதில்ல" என்று சொல்லி, 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதில் விரல் வைத்தார். எதிர்மறைக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லித்தானே நாம் ஆமோதிக்கிறோம்? கணக்குப்படி அந்த வாக்கியத்தில் அவருக்கு ஈவிரக்கமின்மையின் உச்ச மதிப்பெண். பக்கத்தில் நின்று கேட்டதால் தெரிந்தது. தாளை மட்டும் வாங்கிவந்திருந்தால் அப்படியே கணினியில் ஏற்றியிருப்பேன்.

மற்றவர்கள் என்னை இயல்பான தலைவராகப் பார்க்கிறார்கள் என்ற தற்பெருமைப் பகுதி வாக்கியத்தில் 'தலைவர்' என்ற சொல்லும் காலை வாரியது. அம்மாபேட்டை நெசவாளர் ஒருவர், "சங்கத்துல நான் பொருளாளர்தானே, தலைவர்னு எப்படிப் போடறது?" என்று நியாயமாகக் கேட்டார்.

அதனால், நூற்றுக்கணக்கில் தாள் அச்சடிப்பதற்கு முன் பத்துப் பதினைந்து பேரோடு உட்காருங்கள். கல்லூரி மாணவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் "உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குரான்பாக் ஆல்ஃபா, காரணிப் பகுப்பாய்வு (எந்த வாக்கியங்கள் ஒரே கொத்தாகச் சேர்கின்றன என்று பார்ப்பது) போன்ற புள்ளியியல் கணக்குகள் எல்லாம் அதற்குப் பிறகு. ஆல்ஃபா நன்றாக வந்தால் வாக்கியங்கள் சேர்ந்து நகர்கின்றன என்று அர்த்தம். எதை அளக்கின்றன என்பதை அது சொல்லாது. ஏதாவது வாக்கியத்தை மாற்றினால் மாற்றியதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். தாளின் தலைப்பில் 'இருண்ட குணங்கள்' என்று போட்டுவிடாதீர்கள், நான் போட்டு இரண்டு கடைகளில் டீயோடு திருப்பி அனுப்பப்பட்டேன்.

எல்லாமே பழுது என்றும் நினைக்க வேண்டாம். பின்னால் ஒருவருக்கு எதிராகப் பயன்படும் என்று அவர் விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்ற வாக்கியம் தமிழிலும் சரியாக வேலை செய்தது. அந்தப் பட்டறை அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். எதிரே கொலுசு பற்றவைத்துக்கொண்டிருந்த தம்பியை டீ வாங்க அனுப்பிவிட்டுத்தான் பேனா மூடியைத் திறந்தார்.