நாலு தடவை அமுக்கினால்தான் ஆன் ஆகும் சிஸ்டம்

கேள்வி: வணக்கமுங்க அண்ணா. எங்களுக்குச் சோமனூர் பக்கம் விசைத்தறி. பாவு நூல் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் 2013-ல் அசெம்பிள் பண்ணி வாங்கின ஐ3 சிஸ்டத்தில்தான் போட்டுட்டு வர்றேன். ஆறு மாசமா காலையில் பட்டனை நாலஞ்சு தடவை அமுக்கினால்தான் ஆன் ஆகுதுங்க. ஆன் ஆயிட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடும், ஆனா கரண்ட் போனா உடனே ரீஸ்டார்ட் ஆயிடுது. யு.பி.எஸ். பேட்டரி போன மாசம்தான் புதுசு மாத்தினோம். கடையில் எஸ்.எம்.பி.எஸ். போயிருச்சு, 450 வாட் 650 ரூபாய்க்குப் போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க. பழசுக்கு எதுக்குச் செலவுன்னு வீட்டுக்காரர் கேக்கறார். என்ன பண்ணட்டுங்க?
– வாசகி, சோமனூர்

பதில்: வணக்கமுங்க சகோதரி. கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. போயிருப்பது எஸ்.எம்.பி.எஸ்.தான், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சின்ன வோல்டேஜாக மாற்றித் தரும் பெட்டிதான் என்று நானும் நினைக்கிறேன், நீங்கள் எழுதிய இரண்டு கோளாறும் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் அந்த 650 ரூபாய் பெட்டி மட்டும் வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கிற, கரண்டைக் கொஞ்சம் தேக்கி வைத்துத் தரும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருசக்கணக்காக வேலை செய்து செய்து உள்ளே காய்ந்துபோகும். காய்ந்த கெப்பாசிட்டர் குளிர்ந்து கிடக்கும்போது ரொம்ப மோசமாகவும், கொஞ்சம் சூடு ஏறினால் பரவாயில்லாமலும் வேலை செய்யும், அதனால்தான் காலையில் நாலு தடவை அமுக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் நாள் முழுக்க ஓடுகிறது. கரண்ட் போனதும் ரீஸ்டார்ட் ஆவதற்கும் காரணம் அதேதான். வீட்டில் வைக்கிற சாதாரண யு.பி.எஸ். கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாற சில மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்தான் தாங்கிப் பிடிக்கணும், நல்ல நிலையில் இருந்தால் முழு லோடிலேயே சுமார் 16 மில்லி செகண்ட் தாங்கும். உங்களுடையது தாங்கவில்லை. தறி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்குகிற நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம் தெரியும். யு.பி.எஸ். பேட்டரியில் குறை இருந்திருக்காது, இந்த விசயம் தெரியாமல் பேட்டரி மாற்றிப் பணத்தை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

வாங்கும் முன்னால் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஊக்கால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று கடையில் காட்டுவார்கள், அதில் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், நன்றாக இருக்கிறது என்று தெரியாது. மீட்டர் வைப்பதானால் சிஸ்டம் ஓடும்போது வைக்கணும்: மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25. எல்லாவற்றையும்விட நம்பகமான வழி, தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் ஓர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான். மறுநாள் காலையில் ஒரே அமுக்கில் ஆன் ஆனால் சந்தேகம் தீர்ந்தது.

சரி, 650 ரூபாய் பெட்டி ஏன் வேண்டாம்? வாட் போதாமல் இல்லை. 2013 வாக்கில் வந்த ஐ3 ப்ராசசர் 55 வாட் அளவுதான், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் பெட்டி மொத்தமாகவே 100 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். குறை எங்கே என்றால், விலையைக் குறைப்பதற்காக வோல்டேஜ் எகிறினால் நிறுத்துகிற பாதுகாப்பு, உள்ளே வரும் கரண்டைச் சுத்தம் செய்கிற ஃபில்டர் இதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள், கெப்பாசிட்டரும் சின்னதாகப் போடுகிறார்கள். திருப்பூரில் என் தம்பி பனியன் ஜாப் ஒர்க் செய்த காலத்தில் இப்படி ஒன்றைத்தான் நான் வாங்கிக் கொடுத்தேன். ஆறாவது மாதம் ஒரு சாயங்காலம் டப் என்று ஒரு சத்தம், மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் இரண்டும் சேர்ந்து போயின. நாலு வருசக் கணக்குக்கு வேறு காப்பி இல்லை, பார்ட்டிகளிடம் பில்லைக் கேட்டு வாங்கி அவன் திரும்ப ஏற்றி முடிக்க இரண்டு மாதம் ஆனது. அதனால் சொல்கிறேன், புதுசு மாட்டுவதற்கு முன்னாலேயே, இன்றைக்கே, உங்கள் கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கடையில் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டைப் பார்க்காமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12 வோல்ட்டில் அது தருவது 168 வாட்தான், மேலே 450 என்று எழுதியிருந்தாலும் சரி. கரண்டை அதிகம் வீணாக்காது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரை உள்ள நல்ல கம்பெனியின் 400 அல்லது 450 வாட் போதும். விலை 2,000 ரூபாய்க்கு மேல் போகும். வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நல்ல எஸ்.எம்.பி.எஸ். இந்தப் பழைய சிஸ்டத்தோடு முடிந்துபோவதில்லை, நாளைக்குப் புதிதாக அசெம்பிள் பண்ணினால் அதிலும் மாட்டலாம், அதற்கு ப்ராசசர் பிளக் நாலு நாலாகப் பிரிகிற 4+4 பின்னாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, உங்கள் ப்ராசசரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. கணக்கு எழுத இது தாராளம். பேங்க் வேலையை இதில் செய்யாதீர்கள்.

மாட்டுவது கஷ்டமில்லை, பின்னால் நாலு ஸ்க்ரூதான். கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, கழற்றும் முன் ஒவ்வொரு பிளக்கையும் போனில் படம் எடுங்கள். ப்ராசசர் பக்கத்தில் இருக்கும் சின்ன 4 பின் பிளக்கை மறந்துவிட்டால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பழைய பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள், குழந்தைகள் கையிலும் கொடுக்க வேண்டாம், அதில் 325 வோல்ட் வரைக்கும் தேங்கியிருக்கும். அப்புறம், சிஸ்டம் தறிக்குடோனுக்குள்ளேயே இருந்தால் ஆஃபீஸ் ரூமுக்கு மாற்றிவிடுங்கள். பஞ்சு ஃபேனில் அடைத்துக்கொண்டால் புதுசும் சூடாகியே போகும்.

கேள்வி: எங்கள் வீட்டில் யு.பி.எஸ். இல்லை, இன்வெர்ட்டர்தான். கரண்ட் போனால் லைட் அணையாது, கம்ப்யூட்டர் மட்டும் ஆஃப் ஆகிறது. இதற்கும் எஸ்.எம்.பி.எஸ். மாற்றணுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அவசரப்பட வேண்டாம். இன்வெர்ட்டரின் பின்பக்கம் நார்மல், யு.பி.எஸ். என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் நார்மலில்தான் வைத்திருப்பார்கள், அதில் மாறுவதற்கு நேரம் அதிகம். யு.பி.எஸ். பக்கம் தள்ளிப் பாருங்கள், அதற்கும் ஆஃப் ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படலாம். லோ வோல்டேஜ் நேரத்தில் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குப் போகும், அது யு.பி.எஸ். மோடின் இயல்பு.

கேள்வி: நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் போட்டேனுங்க. இப்போது கேபினெட்டைத் தொட்டால் லேசாக விர்ரென்று இழுக்கிறது. பழசில் இது இல்லை. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: திருப்பிக் கொடுக்காதீர்கள். எர்த்தைப் பாருங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கும் ஃபில்டர் துளி கரண்டை எர்த் வழியாக விடும், எர்த் இல்லையென்றால் அது கேபினெட்டிலேயே நிற்கும். உங்கள் பழசில் அந்த ஃபில்டரே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இழுப்பது பலமாக இருந்தால் வேறு இடத்தில் லீக் ஆகிறது என்று அர்த்தம், உடனே ஆஃப் பண்ணிவிடுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டைக்கு வயர் வந்திருக்கிறதா, எர்த் குழியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் உங்கள் பக்கம் மண் காய்ந்துவிடும், குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றணும். அது சரியாகிற வரைக்கும் செருப்பில்லாமல் கேபினெட்டைத் தொட வேண்டாம்.