வண்டிப் பெயர் போதாது, இசியூ எண்ணைச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி-பதில்: என்ஜின் ட்யூனிங்

கேள்வி: என்னுடையது டர்போ பெட்ரோல் கார், அதிகம் விற்காத மாடல். இதே என்ஜின் உள்ள இன்னொரு மாடலுக்கு ட்யூனிங் சாஃப்ட்வேர் தாராளமாகக் கிடைக்கிறது. என் மாடல் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. ‘சப்போர்ட் கொடுங்கள்’ என்று மூன்று நிறுவனங்களுக்கு எழுதியும் பதில் வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். சாஃப்ட்வேருக்கு உங்கள் காரின் பெயர் தெரியாது. அது பேசுவது இசியூவோடு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியோடு. அதிலும் அதனுள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட கேலிப்ரேஷனோடு, அதாவது அந்தக் காருக்கென அமைத்த அளவுகளின் தொகுப்போடு. ‘சப்போர்ட்’ என்று நாம் ஒரே சொல்லில் கேட்டுவிடுகிறோம். அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. இசியூவின் பூட்டைத் திறந்து படிக்கவும் எழுதவும் வழி வேண்டும். மாற்றிய ஃபைலை இசியூ ஏற்றுக்கொள்ளும்படி செக்சம்மை (ஃபைல் சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்ணை) சரிசெய்யத் தெரிய வேண்டும். எந்த முகவரியில் எந்த மேப் (அளவுகளின் அட்டவணை) இருக்கிறது என்று சொல்லும் டெஃபினிஷன் ஃபைல் வேண்டும். பிரபலமான மாடலோடு ஒரே இசியூவைப் பகிர்ந்துகொள்ளும் கார் என்றால், முதல் இரண்டும் பெரும்பாலும் ஏற்கெனவே முடிந்த வேலைகள். மிச்சம் டெஃபினிஷன் மட்டுமே.

ஆகவே முதலில் இசியூவை அடையாளம் காணுங்கள். காரின் கோளாறு கண்டறியும் போர்ட்டில் மாட்டும் ஓபிடி ஸ்கேனரில் 9-ஆவது மோடுக்குப் போனால் வண்டியின் விஐஎன் (அடையாள எண்), கேலிப்ரேஷன் ஐடி, சிவிஎன் (கேலிப்ரேஷனின் சரிபார்ப்பு எண்) மூன்றும் கிடைக்கும். பிறகு இசியூவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுங்கள். போஷ் தயாரிப்பு என்றால் பெட்ரோல் இசியூவின் எண் 0261 என்றும் டீசல் இசியூவின் எண் 0281 என்றும் தொடங்கும். சாஃப்ட்வேர் எண் 1037-இல் தொடங்கும். இவற்றோடு என்ஜின் கோடு, கியர்பாக்ஸ், தயாரிப்பு ஆண்டு, மாற்றப்படாத ஒரிஜினல் ஃபைல் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

சிவிஎன்னைப் பலரும் கண்டுகொள்வதில்லை. அது கேலிப்ரேஷனின் கையெழுத்து மாதிரி. ஒரே கேலிப்ரேஷன் ஐடி உள்ள இரண்டு கார்களில் சிவிஎன் வேறுபட்டால், ஏதோ ஒன்றில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். பழைய கார் வாங்கியவர்கள் ‘ஒரிஜினல்’ என்று அனுப்பும் ஃபைல் பல சமயம் முந்தைய உரிமையாளர் ரீமேப் செய்ததாக இருக்கும். அதை வைத்து டெஃபினிஷன் எழுதினால் அடிப்படையே கோணல்.

தனியாக எழுதாமல், அதே மாடல் வைத்திருப்பவர்களைச் சேர்த்து ஒரே பட்டியலாக அனுப்புவது நல்லது. நிறுவனம் பார்ப்பது ஒரே கணக்கு: எத்தனை கேலிப்ரேஷன் ஐடிகள், எத்தனை பேர் லைசென்ஸ் வாங்குவார்கள். பத்து கார்களில் ஏழுக்கு ஒரே ஐடி என்றால் அவர்களுக்கு வேலை சுருங்கும். சோதனைக்கு இரண்டு மூன்று நாள் காரையோ, உபரி இசியூ ஒன்றையோ தரத் தயார் என்று எழுதுங்கள். வெறும் கோரிக்கையைவிட அந்த ஒரு வரிக்கு எடை அதிகம்.

நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத இடத்தில் ஆர்வலர்களே வேலையை முடித்ததும் உண்டு. சாப் கார்களின் ட்ரையோனிக் 5, 7, 8 இசியூக்களுக்கான இலவசக் கருவிகளும், சுபாருவுக்கான ரோம்ரெய்டரும் அப்படிப் பிறந்தவைதான்.

கேள்வி: பிரபலமான மாடலின் டெஃபினிஷனை ட்யூனர்புரோ என்ற மேப் எடிட்டரில் போட்டு என் ஃபைலைத் திறந்தால் மேப்கள் ஓரளவு சரியாகத் தெரிகின்றன. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: அந்த ‘ஓரளவு’தான் ஆபத்து. சாஃப்ட்வேர் பதிப்பு மாறும்போது மேப்கள் அப்படியே இருந்தாலும் முகவரி சில பைட்டுகள் தள்ளிப்போயிருக்கும். இக்னிஷன் மேப்பின் (பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்ற அட்டவணையின்) முதல் வரிசை உண்மையில் பக்கத்து மேப்பின் கடைசி வரிசையாக இருக்கலாம். திரையில் பார்க்க மலைபோல் அழகாகத்தான் தெரியும்.

முதலில் அச்சுகளைச் சரிபாருங்கள். ஆர்பிஎம் அச்சு எங்கும் பின்வாங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். மலை ரம்பப் பல்போல் தெரிந்தால் பைட் வரிசை தலைகீழாக இருக்கிறது: இசியூவில் இருப்பது ட்ரைகோர் சிப் என்றால் சிறிய பைட் முதலில் வரும், எஸ்எச் 7058 சிப் என்றால் பெரிய பைட் முதலில். பிறகு விடை தெரிந்த எண்களைத் தேடுங்கள். வண்டி 6800 ஆர்பிஎம்மில் கட் ஆகிறது என்றால் ரெவ் லிமிட் 6800 என்றே காட்ட வேண்டும். போஷ் எம்இ 7 இசியூவில் 16 பிட் ஆர்பிஎம் ஒரு எண்ணுக்கு 0.25 என்ற அளவில் இருப்பதால் அது 27200 ஆகப் பதிவாகியிருக்கும். சூடான என்ஜினின் ஐடில், வேக வரம்பு, ஏர்ஃப்ளோ மீட்டரின் வளைவு ஆகியவற்றையும் இப்படியே ஒத்துப்பாருங்கள்.

எல்லாம் பொருந்தினாலும் முதல் மாற்றத்தை இக்னிஷனிலோ பூஸ்ட்டிலோ (டர்போ தரும் காற்றழுத்தத்திலோ) செய்யாதீர்கள். சூடான ஐடிலை 100 ஆர்பிஎம் கூட்டி எழுதிப் பாருங்கள், அல்லது ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் வெப்பநிலையை 3 டிகிரி குறையுங்கள். சொன்ன மாற்றம் சொன்ன அளவில் வண்டியில் தெரிந்தால் அந்த ஒரு முகவரி உறுதி. மற்ற மேப்கள் உறுதியாகிவிட்டன என்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: டெஃபினிஷனை இரவல் வாங்கலாம், அந்தக் காரின் முழு ஃபைலை உங்கள் இசியூவில் ஏற்றக் கூடாது. இன்ஜெக்டர் அளவு, கியர்பாக்ஸ் டார்க் வரம்பு, இம்மொபிலைசர் என்று எதில் வேறுபாடு இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். ஸ்டார்ட் ஆகித் தவறான எரிபொருள் கலவையில் ஓடினால் அது இன்னும் மோசம்.

கேள்வி: ஓபிடி வழியாக இசியூவைப் படிக்கப் போனால் பாதியில் மறுக்கிறது. கேபிள் கோளாறா?

பதில்: கேபிளைச் சந்தேகிப்பதற்கு முன் இசியூ தரும் மறுப்புக் குறியைப் பாருங்கள். யூடிஎஸ் (ஸ்கேனரும் இசியூவும் பேசிக்கொள்ளும் பொது மொழி) முறையில் பூட்டைத் திறக்கும் சேவையின் ஹெக்ஸ் எண் 27. அதற்கு 35 என்று மறுப்பு வந்தால் சாவி தவறு. 36 என்றால் முயற்சி எண்ணிக்கை தாண்டிவிட்டது. 37 என்றால் காத்திருப்பு நேரம் இன்னும் முடியவில்லை. கடைசி இரண்டிலும் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவதால் பயனில்லை. இக்னிஷன் ஆனில் சற்றுப் பொறுத்து முயலுங்கள்.

பல இசியூக்கள் ஓபிடியில் எழுத விடும், படிக்க விடாது. அப்போது இசியூவைக் கழற்றி மேசையில் வைத்து 12 வோல்ட், எர்த், இக்னிஷன் லைன், கேன் ஹை, கேன் லோ (கார் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பின் இரு கம்பிகள்) கொடுத்துப் படிக்க வேண்டும். பவர் கொடுக்காமல் கேன் கம்பிகள் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு முனையில் டெர்மினேஷன் (முனை ரெசிஸ்டர்) இல்லை. கம்பிகளுக்குக் குறுக்கே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். இரண்டு முறை படித்து, கேலிப்ரேஷன் பகுதி இரண்டு ஃபைல்களிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஒப்பிட்ட பிறகே மூட்டை கட்டுங்கள். பெட்டியைத் திறந்து, சிப்பை நேரடியாக அணுகும் பூட் மோடில் படிப்பது கடைசி வழி. சீலிங் ஒருமுறை உடைந்தால், ஒழுங்காக மீண்டும் ஒட்டாவிட்டால் உள்ளே ஈரம் இறங்கும்.

எழுதும்போது எச்சரிக்கை இரட்டிப்பு. பேட்டரியை நம்பாதீர்கள், நிலையான பவர் சப்ளையில் 13 வோல்ட்டுக்குக் குறையாமல் வைத்திருங்கள். ஹெட்லைட், ஏசி ஃபேன், ஆடியோ எல்லாம் ஆஃப். லேப்டாப்பில் ஸ்லீப்பையும் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்துங்கள். யுஎஸ்பி ஹப் வேண்டவே வேண்டாம். நடுவில் நின்றுவிட்டால் இக்னிஷனை ஆஃப் செய்யாமல் அதே ஃபைலை மறுபடி எழுதிப் பாருங்கள். பூட்லோடர் (ஃபைலை வாங்கி எழுதும் தொடக்க நிரல்) உயிரோடு இருந்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். இல்லையென்றால் மேசை வழிதான். காரில் எழுதுவது நடுவில் நின்றதும் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் பயப்படாதீர்கள். இசியூவிடமிருந்து தகவல் வராததால் ஓடுவது அது.

போஷ் ஈடிசி 17, எம்இடி 17 வகைகளில் ட்யூனிங் பாதுகாப்பு உண்டு. செக்சம் சரியாக இருந்தாலும் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாவிட்டால் மாற்றிய ஃபைல் ஓடாது. இங்கே வீட்டுப் பரிசோதனை வேண்டாம்.

கேள்வி: சப்போர்ட் வரும்வரை பிக்கிபேக் பாக்ஸ் மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: பெயரிலேயே விஷயம் இருக்கிறது, முதுகில் ஏறி உட்கார்ந்து பொய் சொல்லும் பெட்டி அது. பூஸ்ட் சென்சாரின் அளவைக் குறைத்துக் காட்டினால், இசியூ பூஸ்ட்டைக் கூட்டும். ஆனால் அதற்கேற்ற இக்னிஷனும் கலவையும் மாறுவதில்லை. என்ஜினில் தட்டல் (நாக்) வந்தால் உணரும் நாக் சென்சார் ஒன்றுதான் மிச்சக் காவல். லேசான பூஸ்ட் உயர்வுக்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

கேள்வி: ஒரிஜினல் இசியூவையே தூக்கிவிட்டு ஸ்பீடுயினோ போன்ற தனி இசியூ போட்டால்?

பதில்: கேபிள் த்ராட்டிலும் மேனுவல் கியரும் உள்ள பழைய காரில் தாராளமாகச் செய்யலாம். கிராங்க் சக்கரம் 36-1, 60-2 வகை (36 பல்லில் ஒன்றோ 60 பல்லில் இரண்டோ இல்லாதது) என்றால் ட்ரிகர் அமைப்பும் சுலபம். புதிய காரில் கதையே வேறு. ஏபிஎஸ், ஸ்டியரிங், மீட்டர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எல்லாம் கேன் வழியே என்ஜின் இசியூவிடம் தகவல் எதிர்பார்க்கும். அது வராவிட்டால் டேஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்கு, கியர்பாக்ஸ் லிம்ப் மோட் (பாதுகாப்புக்காகத் தன்னை முடக்கிக்கொள்ளும் நிலை). டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜினாக இருந்தால் ஸ்பீடுயினோவை மறந்துவிடலாம்.

கேள்வி: டெஃபினிஷன் கிடைத்துவிட்டது. எங்கே தொடங்குவது?

பதில்: எதையும் மாற்றாமல் லாக் எடுப்பதில். மூடிய டிராக்கிலோ டைனோவிலோ (சக்தியை அளக்கும் உருளை மேடையிலோ), ஒரே கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து ரெட்லைன் வரை முழு த்ராட்டிலில் மூன்று ஓட்டம். ஆர்பிஎம், பூஸ்ட், இக்னிஷன், நாக் ரிடார்ட் (நாக் வந்ததும் இசியூ பொறியைத் தாமதப்படுத்தும் அளவு), இன்டேக் வெப்பம், இன்ஜெக்டர் பல்ஸ், லாம்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவு) எல்லாம் பதிவாக வேண்டும். சாதாரண நாரோபேண்ட் சென்சார் லாம்டா 1-ஐ ஒட்டித்தான் நம்பத்தக்கது. முழு த்ராட்டிலுக்கு, கலவையைப் பரந்த எல்லையில் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் அவசியம். போஷ் எல்எஸ்யூ 4.9 வைட்பேண்டுக்குப் புகைக்குழாயில் 18 மில்லிமீட்டர் பங் (சென்சாரைத் திருகும் வளையம்) வெல்டு செய்து, தண்ணீர் தேங்காதபடி கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

போர்ட் இன்ஜெக்ஷன் என்றால் பல்ஸ் மில்லிசெகண்டை ஆர்பிஎம்மால் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் இன்ஜெக்டர் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்று தெரியும். 6000 ஆர்பிஎம்மில் 14 மில்லிசெகண்ட் என்றால் 70 சதவீதம். இன்னும் இடம் இருக்கிறது. 17 என்றால் 85 சதவீதம். அந்த நிலையில் இருக்கும் வண்டிக்குப் பூஸ்ட் கூட்டுவதற்கு முன் பெரிய இன்ஜெக்டர் வேண்டும். மூன்று ஓட்டத்திலும் ஒரே ஆர்பிஎம்மில் நாக் ரிடார்ட் தெரிந்தால், ட்யூனிங்கை நிறுத்திவிட்டு எரிபொருளின் ஆக்டேன், ஸ்பார்க் பிளக், இன்டர்கூலர் ஹோஸ் என்ற வரிசையில் பாருங்கள்.